ஒரு சொட்டு சிந்தவில்லை!

சிவசண்முகம் காருக்குள் இருந்தார்.

கார் கன்னடியன் கால்வாய்க்குள் இருந்தது!

சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில், கால்வாய்க் கரையில் காலை நடை போன வாத்தியார் ஒருவர்தான் முதலில் பார்த்தார். அவர் போட்ட அலறலில் கரையில் மேய்ந்துகொண்டிருந்த எருமைகள்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தன.

கிரேன் வந்தது. கார் மேலே வந்தது.

விலை உயர்ந்த வெளிநாட்டுக் கார். டிரைவர் சீட்டில் சிவசண்முகம், ஸ்டீயரிங்கின் மேல் தலையைச் சாய்த்தபடி. நெற்றியில் ஆழமான காயம். நெற்றியில் விபூதி இல்லாமல் அவரை ஊர் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

தண்ணீர் வடிந்ததும் போலீஸ்காரர்கள் காருக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள். எஞ்சின் ஆயில் தங்கும் சேம்பரின் அடியில், அதை அடைத்தபடி ஒரு போல்ட் இருக்க வேண்டும்.

இல்லை. ஓட்டைதான் இருந்தது!

அவ்வளவுதான். பாளையங்கோட்டையில் 'செல்வி கார் ஒர்க்‌ஷாப்'பில் போன் அலறியது.

"ஹலோ... யாரு?"

"போலீஸ் ஸ்டேஷன்லேர்ந்து பேசுதோம். ஒர்க்‌ஷாப் ஓனர் யாரு?"

"நாந்தான். இசக்கிச்செல்வி."

"ஒடனே கெளம்பி வா. வார வழியில ஒரு வக்கீலையும் யோசிச்சு வெச்சுக்கோ!"

* * *

இன்ஸ்பெக்டர் கார்த்திகேசன் ஒரு காகிதத்தை மேஜை மேல் நகர்த்தினார்.

"முந்தாநாளு சிவசண்முகம் அண்ணாச்சி காருக்கு ஆயில் மாத்துனது நீதான?"

"ஆமா சார்."

"அடி போல்ட்டை நீ ஒழுங்கா முறுக்கலை. போற வழியில அது கழண்டு விழுந்திருக்கு. ஆயில் பூரா ஒழுகி, எஞ்சின் ஜாம் ஆகி, வண்டி கால்வாய்க்குள்ள பாஞ்சிருக்கு. உன் கவனக்குறைவுல ஒரு உயிர் போயிருக்கு. எல்லாம் இதுல எழுதியிருக்கு. கையெழுத்துப் போடு."

"போட மாட்டேன்."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். அந்த ஸ்டேஷனில் அழுகையைக் கேட்டிருக்கிறார். கெஞ்சலைக் கேட்டிருக்கிறார். இப்படி ஒரு 'மாட்டேன்' அவர் காதுக்குப் புதுசு!

"என்னது?"

"போட மாட்டேன் சார். செய்யாத தப்புக்கு எங்க அய்யா வந்து கேட்டாலும் போட மாட்டேன். போல்ட்டை முறுக்கி, அது மேல மஞ்சப் பெயிண்ட்ல ஒரு கோடு போட்டுத்தான் நான் வண்டியை வெளிய விடுவேன்."

"கோட்டைக் காட்டு பாப்போம்!"

"போல்ட்டைக் காட்டுங்க. கோட்டைக் காட்டுதேன்!"

மூலையில் நின்ற ஏட்டு சங்கரி சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாய்தான் அப்படி. செல்வியின் மனசு வேறு கணக்குப் போட்டது. கையெழுத்துப் போட்டால் ஜெயில். ஒர்க்‌ஷாப்புக்குச் சீல். 'பொம்பளை கையில வண்டியை விட்டா இப்படித்தான்' என்று சொல்ல ஊரே காத்திருக்கிறது. சொல்லட்டுமே! அவள் பேனாவைத் தொடப்போவதில்லை.

அப்போது வாசலில் ஒரு கத்தல்!

"எங்க அந்தக் கொலைகாரி?"

உள்ளே வந்தவர் நடராஜ். செத்தவரின் தம்பி. வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, தோளில் துண்டு.

"ஏட்டி! எங்க அண்ணனைக் கொன்னுட்டு இங்கன வந்து எதுத்தா பேசுத?"

"கொன்னது நான் இல்ல அண்ணாச்சி."

"சார், இவ பேச்சைக் கேக்காதிய! நேத்து காலையில என் ரெண்டு கண்ணால பாத்தேன். அண்ணன் கெளம்புததுக்கு முன்னால பானெட்டைத் தொறந்து, ஸ்டிக்கை உருவி, துண்டுல தொடச்சு, மறுபடி விட்டு எடுத்தேன். ஆயிலு மேல் கோடு வரைக்கும் நின்னுது! காலையில இருந்த ஆயிலு பொறவு எங்க போச்சு? இவ முறுக்காத போல்ட்டு வழியாத்தான போயிருக்கும்?"

செல்வி அவர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணாச்சி... எதை உருவுனிய?"

"ஸ்டிக்கைத்தாம்ட்டி! ஆயில் பாக்குத ஸ்டிக்கு! மெக்கானிக்குன்னு போர்டு வெச்சிருக்க, அதுகூடத் தெரியாதா?"

"சார், வெளிய வாங்க. காரு அங்கனதான் கெடக்கு. அந்த ஸ்டிக்கை அண்ணாச்சி கையாலயே ஒரு தடவை உருவிக் காட்டச் சொல்லுங்க!"

* * *

ஸ்டேஷன் வளாகத்தில், வேப்ப மரத்தடியில் கார் நின்றது. பானெட்டைத் திறந்தார்கள்.

நடராஜ் குனிந்தார். இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். கையை விட்டுத் துழாவினார். இன்ஸ்பெக்டரும் குனிந்தார். அவருக்குப் பின்னால் சங்கரியும் எட்டிப் பார்த்தார்.

"எங்கன இருக்கு அண்ணாச்சி?"

நடராஜ் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"கெடைக்காது சார்," என்றாள் செல்வி. "இந்தக் காருல ஸ்டிக்கே கெடையாது. ஆயில் சேம்பருக்குள்ள ஒரு சென்சார் இருக்கு. எஞ்சின் சூடா இருக்கணும், வண்டி மட்டமான தரையில நிக்கணும். உள்ள உக்காந்து பட்டனை அமுக்குனா ஆயில் எவ்வளவுன்னு திரையில காட்டும். உருவவும் வேண்டாம், துண்டுல தொடைக்கவும் வேண்டாம்!"

நடராஜைச் சொல்லிக் குற்றமில்லை. டிராக்டர், ஜீப், வயலில் டீசல் பம்ப்செட்... தினமும் காலையில் ஒவ்வொன்றிலும் ஸ்டிக்கை உருவித் துண்டில் துடைத்துப் பார்த்த பிறகுதான் அவருக்குக் காப்பியே இறங்கும். அண்ணன் மட்டும் தன் காரைத் தொட அவரை விட்டதில்லை. உலகத்தில் எல்லா வண்டிக்கும் ஸ்டிக் உண்டு என்று நம்பிவிட்டார். பாவம்!

"டி... டிராக்டரை நெனச்சு மாத்திச் சொல்லிட்டேன் சார். அண்ணன் செத்த துக்கத்துல புத்தி ஒரு நெலையில இல்ல. அதுக்காவ இவ போல்ட்டை முறுக்குனான்னு ஆயிருமா?"

இன்ஸ்பெக்டர் தாடையைச் சொறிந்தார்.

"அதுவும் நியாயந்தான். ஸ்டிக்கு இல்ல, சரி. போல்ட்டும் இல்லையே! செல்வி, மரியாதையாக் கையெழுத்துப் போடு. என்னை அரெஸ்ட் பண்ண வைக்காத."

"பண்ணுங்க சார்! ஆனா அதுக்கு முன்னால அந்தச் சென்சாரையும் ஒரு வார்த்தை கேட்டுருவோம். மனுசன் சாட்சி சொன்னா ஒடனே எழுதிக்கிடுதிய. காரு சொன்னா கேக்க மாட்டியளா?"

"காரு எப்படிம்மா பேசும்?"

செல்வி தன் பையிலிருந்து, காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை எடுத்தாள். வயரை ஸ்டீயரிங்குக்கு அடியில் சொருகினாள். கையிலிருந்த சின்னத் திரை நீல நிறத்தில் எரிந்தது.

நடராஜ் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"ஆயில் ஏறுனது, எறங்குனது எல்லாத்தையும் காரு ஞாபகம் வெச்சிருக்கும் சார்." திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு செல்வி வாசித்தாள். "நேத்து சாயங்காலம்... எஞ்சினை அணைச்சிருக்காங்க. அணைக்கும்போது ஆயில் முழுசு!"

"பொறவு?"

"பொறவு எஞ்சின் ஓடவே இல்ல! நின்ன எடத்துலயே ஆயில் கொறையுது... கொறையுது... அணைச்சு நிறுத்துன வண்டியில போல்ட்டு தானா கழண்டு விழுமா சார்? எவனோ அடியில படுத்துக் கழட்டியிருக்கான்!"

"ஓடாத வண்டி கால்வாய்க்குள்ள எப்படிப் போச்சு?"

"கரை சரிவுல்லா சார்? நியூட்ரல்ல போட்டு ஒரு தள்ளு தள்ளுனா போதும்."

"பொய்... எல்லாம் பொய்!" நடராஜின் குரல் கீச்சிட்டது.

செல்வி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்து உச்சுக்கொட்டினாள்.

"அடக் கொடுமையே! கழட்டுனவன் வேலை தெரியாத பய சார். புத்தம் புது ஆயிலு, தேன் கலர்ல இருக்கும். பாதியை மண்ணுல கொட்டி நாசம் பண்ணியிருக்கான். கேணப்பய! இவனுக்கெல்லாம் ஒரு சாமானோட அருமை தெரியுமா..."

"ஏட்டி! எவன் கொட்டுனான்? ஒரு சொட்டு சிந்தலை!"



வேப்ப மரத்துக் காக்கை மட்டும் ஒரு தடவை கரைந்தது.

நடராஜ் துண்டால் தன் வாயை மூடினார். லேட்!

இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பினார். அவர் குரலில் இருந்த மரியாதை காணாமல் போயிருந்தது.

"என்னவே சொன்னீரு?"

நடராஜின் கண்கள் ஸ்டேஷன் வாசல் கேட்டுக்குப் போயின. அங்கே கையைக் கட்டிக்கொண்டு சங்கரி நின்றிருந்தார்.

"நடந்து உள்ள வாரியளா அண்ணாச்சி, இல்ல தூக்கிட்டுப் போவணுமா?"

நடராஜ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆத்தங்கரைத் தோப்பை வித்துருவோம்னு கேட்டேன் சார். ரெண்டு பேருக்கும் பொதுச் சொத்து. அண்ணன் கையெழுத்துப் போட மாட்டேன்னு ஒத்தக் கால்ல நின்னான். நேத்து கால்வாய்க்கரைப் பம்ப்செட்டுக்கு வந்தான். அங்கனயும் பேச்சு முத்திட்டு. கையில ஸ்பானர் இருந்துச்சு... வேணும்னு செய்யலை. கோவத்துல..."

"கோவத்துலயா?" செல்வி அவருக்கு முன்னால் வந்து நின்றாள். இவ்வளவு நேரம் அடக்கி வைத்ததெல்லாம் பொங்கியது. "அடிச்சது கோவத்துல. அடியில படுத்து, நிதானமா போல்ட்டைக் கழட்டி, ஆயிலைப் பைய வடிச்சியளே, அது எதுல? ஒத்தப் பொம்பளை, என்ன சொன்னாலும் ஊரு நம்பும்னு நெனச்சிய! என் பொழப்பு போகும், நான் ஜெயிலுக்குப் போவேன்னு தெரிஞ்சேதான செஞ்சிய?"

நடராஜ் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆயில் எங்கவே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பழசை வடிச்சிட்டு, பம்ப்செட் எஞ்சின்ல ஊத்திட்டேன்."

"என்னது?"

"அம்புட்டு நல்ல ஆயிலு சார்... கீழ கொட்ட மனசு வரலை!"

* * *

ஜீப் வயலுக்குப் பறந்தது.

பம்ப்செட் எஞ்சினின் ஸ்டிக்கை செல்வி உருவினாள். வழக்கமாகத் தார் மாதிரி கறுப்பாக இருக்கும் இடத்தில் தங்க நிறத்தில் மினுமினுத்தது புது ஆயில். எஞ்சின் கொள்ளாமல் மிஞ்சியதை ஒரு கேனில் ஊற்றி மூடியும் போட்டு வைத்திருந்தார் மனுஷன்!

பழைய போல்ட், நட்டுகள் போட்டு வைக்கும் டப்பாவை சங்கரி கவிழ்த்தார். துருப்பிடித்த கூட்டத்துக்கு நடுவே ஒன்று மட்டும் பளபளத்தது. அதன் தலையில் மஞ்சள் பெயிண்ட் கோடு!

"இதையும் தூரப் போடலையாவே?"

"நல்ல போல்ட்டு சார்..." என்றார் நடராஜ், விலங்கு மாட்டிய கையோடு.

ஸ்டேஷனுக்குத் திரும்பியதும் இன்ஸ்பெக்டர் ஒரு காப்பி வரவழைத்தார். தனக்கல்ல, செல்விக்கு!

"செல்வி... காலையில நான் அவசரப்பட்டுட்டேன். மனசுல வெச்சுக்கிடாத."

"வெச்சுக்கிடுவேன் சார். ஆனா காப்பியைக் குடிச்சுக்கிடுதேன்."

இன்ஸ்பெக்டர் சங்கடமாகச் சிரித்தார்.

"சரி, அந்தச் சென்சார் கணக்கைப் பிரிண்ட் எடுத்துக் கொடு. கோர்ட்டுல அதுதான் முதல் சாட்சி."

செல்வி காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். பையிலிருந்த ஸ்கேனரை எடுத்து, திரையை முதல் தடவையாக அவர் பக்கம் திருப்பினாள்.

'காருடன் இணைப்பு இல்லை.'

"என்னம்மா இது?"

"ராத்திரி பூரா தண்ணிக்குள்ள கெடந்த வண்டி சார். சென்சாரும் செத்துட்டு, கம்ப்யூட்டரும் செத்துட்டு. இந்தத் திரை எரிஞ்சது இதோட சொந்த பேட்டரியில."

"அப்போ... நீ வாசிச்சதெல்லாம்?"

"வாய்க்கு வந்தது!"

இன்ஸ்பெக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"ஸ்டேஷனுக்குள்ள வந்து, என் மூஞ்சியைப் பாத்து, இம்புட்டுப் பொய்யா? இதுக்கே உம்மேல ஒரு கேஸ் போடலாம், தெரியுமா?"

"போடுங்க சார்! பேனாவை இப்படித் தாங்க. இது நான் செஞ்சதுதான்... கையெழுத்து முத்து முத்தா விழும்!"