பன்னிரண்டாம் தொட்டிக்குக் காய்ச்சல்

காலை ஏழு மணிக்கு, பல்கூடத் தேய்க்காமல், பன்னிரண்டு பால் தொட்டிகளுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கிளம்பினார் செபஸ்தியான். ஒவ்வொரு தொட்டியும் மூன்று மாடி உயரம். ஒவ்வொன்றின் வயிற்றிலும் உள்ளங்கையளவு குளிர்மானி ஒன்று ஒட்டியிருந்தது. அதில் நான்கு டிகிரி என்று பச்சையாக எரிய வேண்டும். எரிந்தது. பதினெட்டு நாளாக அப்படியேதான் எரிகிறது.

தொட்டிகளுக்குள் ஒரு சொட்டுப் பால் கிடையாது. வடதுருவக் குடியிருப்பின் புதிய பால்பண்ணைக்கு அவை காலியாகத்தான் போகின்றன. ஆனால் உள்சுவரில் உயிர்ப்பூச்சு இருந்தது, பாலைக் கெடவிடாத நுண்ணுயிர்ப் படலம். சூடு பட்டால் செத்துவிடும். அதனால் தூத்துக்குடியிலிருந்து நாற்பது நாளும் வெறும் காற்றைக் குளிரவைத்துக் கொண்டுபோனார்கள். கப்பல் தானே ஓடும், புயல் வந்தால் தானே ஒதுங்கும். இருந்தாலும் 2091-ஆம் ஆண்டுக் கடல் சட்டப்படி ஒரு மனிதர் இருந்தாக வேண்டும். ஏன் என்பது சட்டம் எழுதியவர்களுக்கே மறந்துவிட்டது.

அந்த ஒரு மனிதருக்கு வயது ஐம்பத்தெட்டு. மனைவி இறந்து நான்கு வருடம். கோவையில் ஒரே மகன், ரெனால்டு. பேச ஆளில்லாமல் சில நாள் தன் குரலையே அவர் கேட்பதில்லை.

பத்தொன்பதாம் நாள் காய்ச்சல் வந்தது. மாத்திரை போட்டார். கைகால் உதறியது. ‘என்ன செய்யுது?’ என்று யாராவது ஒருவர் கேட்டால் பாதி சரியாகிவிடும் போலிருந்தது. மகனைக் கூப்பிட்டார்.

“என்னப்பா திடீர்னு? உங்க கப்பலைத் தினமும் பாத்துட்டுத்தான் இருக்கேன். பன்னெண்டும் பச்சை. சூப்பரா இருக்கீங்க!”

“இல்ல மக்கா, எனக்கு…”

“மீட்டிங்ல இருக்கேன்பா. அப்புறம் பேசுறேன்.”

கைப்பேசியில் பச்சைப் புள்ளியைப் பார்த்து, ஆள் நலம் என்று திருப்தியடையும் பழக்கம் அந்த நூற்றாண்டில் நன்றாக முற்றியிருந்தது.

செபஸ்தியானுக்கு அழுகை வந்தது. பிறகு ரோஷம் வந்தது. நேரே போய்ப் பன்னிரண்டாம் தொட்டியின் குளிர்மானியைப் பிய்த்துத் தன் நெஞ்சில் வைத்துத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டார். முப்பத்தொன்பதரை. சிவப்பு.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அழைப்பு வந்தது. ஓசூர் தொட்டி ஆலையின் பொறியாளர், மகிழினி.

“ஐயா, பன்னெண்டாம் நம்பருக்கு என்னாச்சு? எப்ப இருந்து சூடு?”

“விடியக்காலைல இருந்தும்மா.”

“நடுக்கம் இருக்கா?”

“இருக்கு. விட்டு விட்டு வருது.”

“உள்ள ஏதாவது சத்தம்?”

செபஸ்தியான் மூச்சை இழுத்துப் பார்த்தார். “லேசா கர்ரு கர்ருங்குது.”

“ஐயோ பாவம்!” உண்மையாகவே பதறினாள். “ஈரத்துணி சுத்துங்க. தண்ணி விடுங்க, கொஞ்சங்கொஞ்சமா. வெயில் படவேணாம். பயப்படாதீங்க, நான் லைன்லயே இருக்கேன்.”

அவர் படுத்துக்கொண்டு ஈரத்துணி போட்டார், தண்ணீர் குடித்தார். பத்து நிமிடத்துக்கொருமுறை அவள் விசாரித்தாள். சாப்பிடக்கூடப் போகவில்லை. இந்தத் தொட்டிக்குத் தானே பூச்சுப் போட்டதாகவும், ஆறு மாதம் அதன் பக்கத்திலேயே கிடந்ததாகவும் சொன்னாள். இத்தனை அக்கறையான குரலைக் கேட்டு எத்தனை வருடம்! வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் விட மனம் வரவில்லை.

மதியம் வியர்த்துக் கொட்டியது. முப்பத்தேழு.

“இப்ப தேவலைம்மா.”

“என்ன தேவலை? இன்னும் முப்பத்து மூணு டிகிரி இறங்கணும்யா! பூச்சு செத்தே போயிருக்கும்…” அவள் தேம்பத் தொடங்கினாள்.

அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. “அழாத தாயி. அது தொட்டி இல்ல, நான்தான். குளிர்மானிய என் நெஞ்சுல கட்டிக்கிட்டேன். காய்ச்சல் எனக்கு. யாராவது ஒரு வார்த்தை கேப்பாங்களான்னு…”

திட்டினாலும் பரவாயில்லை என்று காத்திருந்தார்.

“அப்பாடா!” என்றாள் மகிழினி. “உயிரே போயிடுச்சு. அப்ப தொட்டிக்கு ஒண்ணுமில்லையே?”

“ஒண்ணுமில்லம்மா. நல்லா இருக்கு.”

“சந்தோஷம்யா. அதை எடுத்த இடத்துலயே ஒட்டிட்டு, ‘கப்பலில் அனைவரும் நலம்’னு ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க.”

இணைப்பு அறுந்தது. செபஸ்தியானின் கை நடுங்கியதில் கையெழுத்து மூன்று முறை ஒத்துப்போகவில்லை. நான்காவது முறை இயந்திரம் ஏற்றுக்கொண்டது.