இரண்டு இழுப்பு

அக்கா குடிவந்திருந்த வீட்டுக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது மதிய வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. வாசலைத் தாண்டியதும் ஈரத்துணியை முகத்தில் போட்டது மாதிரி ஒரு குளிர்ச்சி. கூடவே ஒரு வாடை. நனைந்த சுண்ணாம்பும் சூடேறிய பிளாஸ்டிக்கும் கலந்தது. சுவருக்குள் ஏதோ நிதானமாகக் கருகிக்கொண்டிருப்பதுபோல.

வீடு வீடாகப் போய் நெட் லைன் இழுப்பதுதான் அவன் பிழைப்பு. அக்கா வீட்டு நெட்டைப் பார்க்க மட்டும் அவனுக்கு நேரம் வாய்த்ததில்லை.

"வாங்க இன்ஜினியர் சார்," என்றார் மாமா, சோபாவை விட்டு எழாமல். "ஒரு வாரமா கூப்பிடறா உங்க அக்கா. வீடு இடிஞ்சு விழுந்தப்புறம் வருவியோன்னு நினைச்சேன்."

"லைன் எப்படி மாமா இருக்கு?"

"ஆப்பைப் பாரு. மூணு வைஃபை பெட்டியும் பச்சை. மேல் ரூம் பெட்டி வயர்லயே ஓடுது, ஃபுல் ஸ்பீடு. கோளாறு உங்க அக்காகிட்டதான்."

மாமா வைஃபையைப் பற்றி மூன்று வீடியோ பார்த்தவர். மூன்றாவதில் பாதியிலேயே தூங்கிவிட்டார்.

அக்கா லேப்டாப்பை மார்போடு அணைத்தபடி மாடிப்படியில் நின்றாள். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"நாலு மணிக்கு மீட்டிங்டா. இன்னொரு தடவை பாதியில அறுந்துச்சுன்னா நாளைலேர்ந்து வேண்டாம்னு மேனேஜர் மேடம் சொல்லிட்டாங்க. இந்த வீட்ல ஒருத்தர் சம்பளம்தான் வருது. அது யாருன்னு அந்த சோபாவைக் கேளு."

"கீழயே உக்காந்து பேசேன்."

"கீழ ஒரு நிமிஷம் நிக்க மாட்டேங்குது. படியில கால் வெச்சாலே போயிடுது. அந்தப் பின் ரூம்ல மட்டும்தான் வருது. அதுவும் அது நினைச்சாத்தான்."

"எது நினைச்சா?"

அக்கா ஒரு கணம் யோசித்தாள். "நெட்டுதான். வேற எது?"

ஹாலில் வெளி லைன் வந்து சேரும் தலைப்பெட்டி, படிக்கட்டில் ஒன்று, மாடிப் பின் அறையில் ஒன்று. மூன்றும் தங்களுக்குள் பேசி வீடு முழுக்க நெட்டைப் பரப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. மாடிப்பெட்டிக்கு மட்டும், முன்பு குடியிருந்தவர்கள் சுவருக்குள் விட்டுப்போன வயரை மாமா மாட்டியிருந்தார். கீழே டிவி அலமாரிக்குப் பின்னால் ஒரு ஓட்டை. மேலே பின் அறையில் தரையோரம் ஒரு ஓட்டை. இரண்டிலும் வயர் எட்டிப் பார்த்தது. இரண்டும் ஒரே வயர்தான் என்று மாமா முடிவு செய்திருந்தார். முடிவு செய்வதில் மாமாவை மிஞ்ச ஆளில்லை.

அவன் டெஸ்டரை எடுத்தான். அது இரண்டு துண்டு. பேட்டரி உள்ளதைத் தாய் என்பார்கள் அவன் தொழிலில். பேட்டரி இல்லாத சின்னது குட்டி. வயரின் ஒரு முனையில் தாயையும் மறுமுனையில் குட்டியையும் மாட்டினால், தாய் அனுப்பும் மின்சாரத்தில் குட்டியின் எட்டு விளக்குகளும் வரிசையாக எரியும். வயர் அறுந்திருந்தால் குட்டி வெறும் பொம்மை.

தலைப்பெட்டியிலிருந்து வயரைப் பிடுங்கித் தாயை மாட்டிவிட்டு மேலே போனான். பின் அறை ஜன்னலை யாரோ மூடி, அதன் மேலேயே பெயின்ட்டும் அடித்திருந்தார்கள். கருகல் வாடை இங்கே கூடுதல். மாடிப்பெட்டியிலிருந்து வயரைக் கழற்றிக் குட்டியில் செருகினான்.

ஒரு விளக்கும் எரியவில்லை.

செத்த வயர். அதைத் திரும்பப் பெட்டியில் மாட்டிப் பார்த்தான். பெட்டி உடனே பச்சையானது. ஆப் சொன்னது: வயர் இணைப்பு, முழு வேகம்.

கீழே வயரே பெட்டியில் இல்லை. இது யாரோடு இணைந்திருக்கிறது?

மாமாவை போனில் கூப்பிட்டான். "மாமா, டிவிக்குப் பின்னாடி இருக்கற வயரை ரெண்டு தடவை இழுங்க."

வயர் இழுப்பவர்களுக்குள் இது பழைய பாஷை. சுவருக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன். இரண்டு இழுப்பு இழுத்தால், இருக்கியா என்று கேட்பது. பதிலுக்கு இரண்டு இழுப்பு, இருக்கேன்.

அவன் கையில் இருந்த வயர் அசைந்தது. ஒன்று. இரண்டு.

மூளையை முந்திக்கொண்டு, பழக்கதோஷத்தில், கை பதில் சொல்லிவிட்டது. ஒன்று. இரண்டு.

"கிடைச்சிருச்சு மாமா."

"என்ன கிடைச்சுது? இப்பத்தான் அலமாரியையே நகர்த்தறேன்." போனில் மாமா மூச்சிரைத்தார். "ஆங், இழுத்துட்டேன். அடேய், மொத்தமும் கையோட வந்துருச்சுடா! ஒரு முழம்கூட இல்ல. முனையில பல்லு பதிஞ்சிருக்கு. எலிக்கு இவ்வளவு பெரிய பல்லா?"

அவன் தன் கையில் இருந்த வயரைக் குனிந்து பார்த்தான்.

வயர் மறுபடி இழுத்தது. இந்தத் தடவை மெதுவாக இல்லை.

கையை உதறிவிட்டுக் கட்டரை எடுத்தபோது அக்கா உள்ளே வந்தாள். கட்டரைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"அதை வெட்டினே, கையை ஒடிப்பேன்."

"அக்கா, இந்த ரூம் வேணாம். என் போன்லேர்ந்து நெட் தரேன், வெளியே வா."

"உன் போன்ல டவர் இருக்கா பாரு."

பார்த்தான். இப்போதுதான் பேசிய போன். ஒரு கோடுகூட இல்லை.

"நாலாகப் போகுது. வெளியே போ." அவனைத் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

இது நம் லைனே இல்லை என்று சொன்னால் புரியாது, செய்து காட்டலாம் என்று கீழே ஓடினான். தலைப்பெட்டியின் மின்சாரத்தைப் பிடுங்கினான். போதாதென்று வீட்டின் மெயின் சுவிட்சையே இறக்கினான். மின்விசிறி முனகி நின்றது. பிரிட்ஜ் அடங்கியது.

அந்த நிசப்தத்தில் மாடியிலிருந்து அக்காவின் குரல்.

"கேக்குது மேடம். ரொம்பத் தெளிவா கேக்குது."

சிரிப்பு.

"நான் சொல்லல? நெட்டு நல்லாத்தான் இருக்கு," என்றார் மாமா.

அப்போது மாமாவின் போன் அடித்தது. காதில் வைத்தவர், கேட்டதை நம்பாமல் ஸ்பீக்கரில் போட்டார். ஒரு பெண் குரல், எரிச்சலோடு.

"சார், உங்க மனைவி எங்க? நாங்க எல்லாரும் காத்துட்டிருக்கோம். அவங்க இன்னும் மீட்டிங்குக்குள்ளயே வரல."

மாடியில் அக்கா மறுபடி சிரித்தாள்.

பின் அறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. இருந்தும் இரண்டு பேர் தோள் கொடுத்த பிறகுதான் திறந்தது. கரண்ட் இல்லாத அறையில் மாடிப்பெட்டி பச்சையாக எரிந்தது. பெட்டியிலிருந்து லேப்டாப்புக்கு வயர். பெட்டியிலிருந்து சுவர் ஓட்டைக்கு இன்னொரு வயர், தந்திபோல விறைத்து. மேசை இழுபட்டுச் சுவரோடு ஒட்டியிருந்தது. நாற்காலியும் கூடவே வந்திருந்தது. அக்காவின் மணிக்கட்டில் அந்தச் சுவர் வயர் மூன்று சுற்று சுற்றி, விரல்கள் நீலம் பாரித்திருந்தன. அவள் திரையைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தாள்.

திரையில் ஒரு பெண்ணின் முகம். இமைக்கவே இல்லை.

"பக்கத்துல யாரோ வந்திருக்காங்க போல," என்றது முகம். அதே மேனேஜரின் குரல். "போகச் சொல்லுங்க."

"போடா," என்றாள் அக்கா, திரும்பாமல்.

ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். இந்தத் தடவைதான் நிஜமாகவே சொன்னாள்.

அவன் வெட்டினான்.

அறுந்த முனையைச் சுவர் சர்ரென்று உறிஞ்சிக்கொண்டது. ஓட்டைக்குள் வெகு ஆழத்தில், வீட்டின் அஸ்திவாரத்தைவிட ஆழத்தில், அது எங்கோ போய் மோதும் சத்தம் கேட்டது. திரையில் முகம் அப்படியே நின்றது.

"இருக்கியா?" என்றது, அவனைப் பார்த்து.

மாமா லேப்டாப்பை அறைந்து மூடினார். அக்காவை இருவரும் தூக்கிக்கொண்டுதான் படி இறங்கினார்கள். வழியெல்லாம் அவள் அவர்களைக் கடித்தாள்.

சாயங்காலம் அவர்கள் அவன் வீட்டில் இருந்தார்கள். வேலை போய்விட்டது என்று நிஜ மேனேஜர் மாமாவிடமே சொல்லிவிட்டார். அக்கா அழவில்லை. மணிக்கட்டில் வயர் பதிந்த தடத்தைத் தடவிக்கொண்டே ஒன்றே ஒன்று சொன்னாள்.

"அங்க லைன் நல்லாத்தான்டா இருந்துச்சு. நீதான் அறுத்துட்டே."

உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாமா தரையில் உட்கார்ந்திருந்தார். எதைப் பற்றியும் அவர் முடிவு செய்யவில்லை.

ஏதாவது செய்தால் தேவலை என்று அவன் பையைத் திறந்து சாமான்களை அடுக்கத் தொடங்கினான். டெஸ்டரில் தாயைக் காணோம். அந்த வீட்டு ஹாலில், மாமா கையோடு வந்த துண்டு வயரின் நுனியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். போனால் போகட்டும். குட்டி மட்டும் பையின் அடியில் கிடந்தது.

அதன் முதல் விளக்கு எரிந்தது.

வயர் இல்லை. பேட்டரி கிடையாது. இரண்டாவது எரிந்தது. மூன்றாவது. வரிசையாக எட்டும் எரிந்து அணைந்தன. பிறகு எட்டும் சேர்ந்து மின்னின.

ஒன்று. இரண்டு.

அவன் இரண்டு கைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். பதில் சொல்லவில்லை. மூச்சுகூட விடவில்லை.

உள் அறையிலிருந்து அக்கா சுவரைத் தட்டினாள்.

ஒன்று. இரண்டு.