பாயிண்ட் இருபத்தைந்து

"புருஷனுக்கே பாடம் எடுக்கறாளாம்! நாப்பது வயசுல ஐ.டி.ஐ. போறவளுக்கு வேற எப்பிடி இருக்கும்!"

அடுப்படியிலிருந்து விருத்தாம்பாள் மருமகளைச் சாடினாள். தில்லையம்மாள் சோற்று டப்பாவை மூடினாள். மனம் அதில் இல்லை. மாமியாரின் பேச்சிலும் இல்லை... சற்றுமுன் கணவன் பழனிவேல் சொல்லிவிட்டுப் போனதிலேயே இருந்தது.

செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயனக் கம்பெனியில் பத்து வருஷமாக மூட்டை தூக்குகிறவன் அவன். ஆபரேட்டர் கலியமூர்த்தி லீவாம். இன்று ஒருநாள் கேஸ் மீட்டருக்குக் காவல் இவன்தானாம்.

"பாயிண்ட் இருவத்தஞ்சத் தாண்டுனா வால்வ மூடணும். இது ஒரு வேலயா!"

"பாயிண்ட் நாலு காட்டுனா, மாமா?"

"நாலுதானடி! இருவத்தஞ்சிக்கு இன்னும் எவ்ளோ கெடக்கு!"

எட்டாவதோடு நின்றவள் அவள். ஐ.டி.ஐ.யில் சேருமுன் பெரியவர்களுக்காகச் சிதம்பரத்தில் நடக்கும் ஆயத்த வகுப்பில், போன வாரம் இதே தப்பைத்தான் செய்தாள். அளவு டேப்பை விரித்து அளந்து பார்த்த பிறகே விளங்கியது.

"இல்ல மாமா... நாலுதான் பெருசு..."

"எனக்கே சொல்லித் தர்றியா? இன்னிக்கி கிளாசுக்குப் போன... இந்த வாசப்படிய மிதிக்காத!"

போய்விட்டான். கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள்.

இன்று வகுப்பின் கடைசித் தேர்வு. எழுதாவிட்டால் இந்த வருஷம் சீட்டு இல்லை. புவனகிரி நிறுத்தத்தில் சிதம்பரம் பஸ் வந்து நின்றது. பார்த்துக்கொண்டே நின்றாள். அது போய்விட்டது... எதிர்ப்பக்கம் வந்த கடலூர் பஸ்ஸில் ஏறினாள்.

கம்பெனி கேட்டில் வாச்மேனிடம், "வீட்டுல அவசரம்னு சொல்லுங்கண்ணே" என்றாள். உண்மையைச் சொன்னால் புருஷன் மானம் போகும்.

பழனிவேல் பதறி வந்தான். "அம்மாவுக்கு எதாச்சும்...?"

அவள் பையிலிருந்த டேப்பை மதில்மேல் விரித்தாள். "ஒரு மீட்டர்ல பாயிண்ட் இருவத்தஞ்சின்னா இருவத்தஞ்சி சென்டி, இங்க. பாயிண்ட் நாலுன்னா நாப்பது சென்டி, இங்க. எது பெருசுன்னு நீயே பாரு, மாமா."

அவன் பார்த்தான். வெகுநேரம் பார்த்ததுபோல் இருந்தது. முகம் வெளுத்தது.

"வர்றப்ப... பாயிண்ட் மூணு காட்டுச்சி, தில்ல!"

உள்ளே ஓடினான்.

அவள் வெளியே நின்றாள். கம்பெனியின் ஆபத்துச் சங்கு ஊதவில்லை. ஊதாமல் இருப்பதும் பயமாக இருந்தது. காற்றை முகர்ந்து முகர்ந்து பார்த்தாள்.

வெயில் ஏறிய பிறகு வந்தான், வேர்வையில் குளித்து.

"மூடிட்டேன்... சூப்பர்வைசர்கிட்ட நானே சொல்லிட்டேன், எனக்கு அந்தக் கணக்கு தெரியாதுன்னு. திரும்ப மூட்டைக்கே அனுப்பிட்டாங்க." குரல் உடைந்தது. "உன் பரிட்ச?"

"முடிஞ்சிருக்கும்."

வாச்மேன் பார்ப்பதையும் மறந்து, அவள் தோளில் முகம் புதைத்து அழுதான். லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"அந்தக் கிளாசுல... ஆம்பளைங்களும் இருக்காங்களா?"

"ஒம்போது பேரு. ஒருத்தருக்குப் பேரனே இருக்கான்."

"அடுத்த வருஷம் நீ எழுதறப்ப... என்னையும் சேத்துக்கச் சொல்லு."

அவள் தலையசைத்து டேப்பைச் சுருட்டினாள்.