மணல் திட்டில் பேர் கூப்பிட்டபோது

படகு மணலில் முட்டி நின்றதும் முதலில் இறங்கியது சிசிலிதான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கணுக்கால் தண்ணீரில் நடந்து, திட்டின் மேல் ஏறி நின்றாள். போன வருடம் அவளுடைய தங்கை நிமியும் இதே இடத்தில்தான் இறங்கினாள். பத்தொன்பது வயது. திரும்பி வரவில்லை.

நான் ஏசுரத்தினம். உடும்பஞ்சோலைப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் கங்காணி. காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி, பேர் கூப்பிட்டு, வேலைக்குப் பிரித்து விடுவது என் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் வழிகாட்டி வேஷம். மலையிலேயே பிறந்து மலையிலேயே காய் எடுக்கிற சனங்களை விடியுமுன் வேனில் ஏற்றி, கடலுக்குக் கூட்டிப்போய், பறவையும் டால்பினும் காட்டிவிட்டு அன்றைக்கே அவர்கள் குடியிருக்கும் லயத்தில் கொண்டுவந்து இறக்கிவிடுவேன். எனக்குக் கடலைப் பற்றி எல்லாம் தெரியும் என்று அவர்கள் நம்பினார்கள். கொஞ்ச காலத்தில் நானும் அதை நம்ப ஆரம்பித்துவிட்டேன். வினை அங்கேதான் தொடங்கியது.

ஆறு கடலில் சேரும் முகத்தில் அந்த மணல் திட்டு இருக்கிறது. தண்ணீர் வற்றும்போது மூன்று மணி நேரம் வெளியே தெரியும். ஆலாப் பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். உள்ளான் குருவிகள் அலையின் பின்னாலேயே ஓடி ஓடி மணலைக் கொத்தும். கடல் பக்கத்துக் கோடியில் போய் நின்றால் டால்பின்களின் முதுகு தெரியும். பிறகு தண்ணீர் ஏறும், திட்டு காணாமல் போகும். மலைக்காரர்களுக்கு நிலம் சரியும் என்று தெரியும். நின்ற நிலம் சத்தமில்லாமல் முங்கும் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

போன வருடம் இருபத்திரண்டு பேர், இரண்டு படகு. புறப்படும்போது வழக்கம்போலப் பட்டியலை எடுத்துப் பேர் கூப்பிட்டேன். நிமி என்றேன். "இருக்கேன்" என்று பதில் வந்தது. நான் காகிதத்தை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. இருபது வருடக் கங்காணிப் பழக்கம், காதை நம்புவது. அவள் அக்காவோடு முதல் படகில் ஏறிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அக்காவோ, அவள் என்னோடு இரண்டாவது படகில் வருகிறாள் என்று நினைத்திருக்கிறாள்.

கரைக்கு வந்து, டீக்கடையில் தேடி, கக்கூஸ் பக்கம் தேடி, படகைத் திருப்பிக்கொண்டு போனபோது அங்கே திட்டு இல்லை. தண்ணீர் மட்டும் இருந்தது. அதற்கு மேலே ஆலாக்கள் சுற்றிச் சுற்றிக் கத்தின.

மூன்று நாள் தேடினார்கள். கல்லறையில் வைக்கக்கூட ஒன்றும் கிடைக்கவில்லை.

"நான் கூப்பிட்டேன், அவள் பதில் சொன்னாள்." போலீசிலும் இதைத்தான் சொன்னேன், பங்குச் சாமியாரிடமும் இதைத்தான் சொன்னேன், அவளைப் பெற்றவளின் காலில் விழுந்தும் இதைத்தான் சொன்னேன். தப்பிக்கப் பொய் சொல்கிறான் என்றார்கள் சிலர். நான் கேட்டது உயிரோடு இருந்தவள் குரலே இல்லை என்றார்கள் வேறு சிலர். ஒரு வருடமாக எனக்குச் சரியான தூக்கம் கிடையாது.

அப்படி இருக்கும்போதுதான் சிசிலி என் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, என்னய ஒரு தடவ அங்க கூட்டிட்டுப் போங்க. ஒரு பூவாச்சும் போட்டுட்டு வாரேன்."

எந்த வாயால் முடியாது என்று சொல்வது? அவளும் அவளுடைய அத்தை கத்தரீனாளும் லயத்துக்காரர்களுமாக மொத்தம் பதினோரு பேர் சேர்ந்தார்கள். இந்த முறை ஒரே படகு. இந்த முறை தலையையும் எண்ணுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

படகுக்காரர் ஜோஸ் அந்தக் கடற்கரை ஊர்க்காரர். போன வருடமும் அவர்தான். தண்ணீர் சட்டென்று ஏறிவிடும் என்று, இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு தன் மலையாளத் தமிழில் தணிந்த குரலில் எச்சரித்தார்.

"ஒண்ணரைக்குள்ள எல்லாரும் கேறிடணும் சேட்டா. வெள்ளம் பெட்டென்னு வரும்."

வெயில் நன்றாகத்தான் இருந்தது. பறவைகளும் குறைவில்லை. பெண்கள் நண்டைப் பார்த்துச் சிரித்தார்கள், பிறகு வந்த காரியம் நினைவுக்கு வந்து சிரிப்பை நிறுத்தினார்கள். நான் கடல் பக்கத்துக் கோடி வரை நடந்தேன்.

அங்கே ஒரு பாய் விரிக்கிற அளவு மணல் வெறுமையாகக் கிடந்தது.

சுற்றிலும் ஆலாக்கள் இறக்கையோடு இறக்கை உரசி உட்கார்ந்திருந்தன. அந்த இடத்தில் ஒன்றுகூட இல்லை. ஓடி வந்த உள்ளான்கள் அதன் ஓரத்துக்கு வந்ததும் பிரிந்து, சுற்றிக்கொண்டு போய், அந்தப் பக்கம் மறுபடி சேர்ந்தன. ஒருவர் கால் நீட்டி உட்கார்ந்திருந்தால் எப்படிச் சுற்றிப் போகுமோ அப்படி.

உப்புக் காற்றில் வேறொரு வாசனை வந்தது. பச்சை ஏலக்காய். அப்போதுதான் செடியிலிருந்து எடுத்த காயின் வாசனை.

நான் யாரிடமும் சொல்லவில்லை.

சிசிலி அந்த இடத்துக்கு நேராக வந்தாள். யாரும் வழி காட்டவில்லை. கொண்டு வந்த பூவைத் தண்ணீரில் விட்டாள். கத்தரீனாள் அவள் தோளைத் தொட்டு, "போதும், வா தாயி" என்றாள்.

"நீங்க போங்கத்தே. பின்னாலயே வாரேன்."

ஒரு மணிக்கு மேகம் கவிந்து தூறல் போட்டது. பெண்கள் சேலைத் தலைப்பைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு படகோரம் நெருக்கியடித்து நின்றார்கள். பட்டியலைப் பிரித்தேன். ஒவ்வொரு பேராகக் கூப்பிட, ஒவ்வொரு பதிலாக வந்தது.

"சிசிலி."

"இருக்கேன்."

கத்தரீனாளுக்குப் பின்னாலிருந்து வந்தது குரல்.

பட்டியலை மடித்துவிட்டுத் தலைகளை எண்ணினேன்.

பத்து.

மறுபடியும் எண்ணினேன். பத்துதான்.

"சிசிலி எங்க?"

"இப்பத்தான எனக்குப் பின்னால பேசுனா" என்று கத்தரீனாள் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் தண்ணீர்தான் இருந்தது. என் காதுக்குப் பக்கத்தில் வந்து முணுமுணுத்தாள்.

"அது சிசிலி தொண்ட இல்லய்யா."

ஓடினேன். என் வயதில் அப்படி ஓடக்கூடாது. திட்டு அதற்குள் பாதியாகியிருந்தது. அந்த வெறும் மணல் இருந்த இடத்தில் சிசிலி இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கிற எண்ணமே இல்லை. கையைப் பிடித்து இழுத்தேன்.

"விட்ருங்கண்ணே. இங்கயே இருந்துக்கிறேன்."

"ஒங்க அம்மாவோட இன்னொரு பிள்ளையையும் நான் கடலுக்குத் தூக்கிக் குடுக்கணுமா? எந்திரி."

அதற்கு அவள் அழுதாள். அழுதபடியே எழுந்தாள். ஜோஸ் படகைச் சுற்றிக் கொண்டுவந்து எங்கள் இருவரையும் தூக்கிப் போட்டார். கரை தெரிய ஆரம்பித்தபோது சிசிலி என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"போன வருசம் இருக்கேன்னு சொன்னது நாந்தாண்ணே."

எனக்குப் புரியவில்லை.

"அவ டால்பினப் பாத்துட்டு அந்தக் கோடியில நின்னா. வந்துருவான்னு நெனச்சேன். நீங்க ஏசுவீங்கன்னு அவளுக்குப் பதிலா நான் சொல்லிட்டேன். தினமும் காலைல சொல்றது தான?"

தினமும் சொல்வதுதான். நிமி தூங்குமூஞ்சி. பேர் கூப்பிடும்போது அவள் லயத்திலேயே தலை சீவிக்கொண்டிருப்பாள். அக்கா குரலை மாற்றி அவளுக்காகப் பதில் சொல்வாள். பிந்தி வந்தால் வேலையில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்களே என்று ஒருவருக்கு ஒருவர் செய்கிற உதவி இது. எங்கள் பக்கத் தோட்டங்களில் இதைத் தெரியாத கங்காணி இல்லை. எனக்கும் தெரியும். தெரிந்தே எத்தனை காலை கேட்காதவன்போல இருந்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தைத்தான் இருவரும் கடலுக்கும் கொண்டு வந்திருக்கிறோம்.

ஒரு வருடமாகச் சுமந்த பாரம் இறங்க வேண்டும் அல்லவா? இறங்கவில்லை. முதலில் அவளை அறையலாம் போலக் கோபம் வந்தது. பிறகு, இதே ஒரு வருடம் இந்தப் பிள்ளை அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு எப்படிச் சோறு தின்றாள் என்று நினைத்து எனக்கும் அழுகை வந்துவிட்டது.

"அண்ணே, இன்னைக்கு எம்பேருக்கு யாரு பதில் சொன்னா?"

கத்தரீனாள் செபமாலையை எடுத்தாள். ஜோஸ் சிலுவை போட்டுக்கொண்டு என்ஜினை முடுக்கினார். அக்கா தனக்குச் செய்த உதவியைத் தங்கை திருப்பிச் செய்தாளா, இல்லை, அக்காவைத் தன்னோடு வைத்துக்கொள்ளப் பார்த்தாளா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள் திங்கட்கிழமை. சிசிலி வேலைக்கு வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்து இரண்டாவது வரிசையில் நின்றாள். மஞ்சு இறங்கிக் கிடந்தது. பத்தடிக்கு அப்பால் ஏலச்செடி தெரியவில்லை.

"சிசிலி."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். உதடுகளை இறுக்கி மூடியிருந்தாள்.

"இருக்கேன்."

வரிசையில் எல்லாரும் கேட்டார்கள். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. சிசிலியின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. துடைக்காமல், மெல்லக் கேட்டாள்.

"அவ பேரையும் ஒரு தடவ கூப்பிடுங்கண்ணே."

கூப்பிட்டிருக்கக் கூடாது. அந்தப் பேரைப் பட்டியலிலிருந்து எடுத்து ஒரு வருடம் ஆகிறது.

"நிமி."

இலைகளிலிருந்து நீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு, சிசிலியின் தோளுக்குப் பக்கத்திலிருந்து, ஓடி வந்து மூச்சு வாங்குகிறவளைப் போல, பதில் வந்தது.

சிசிலி ஒரு அடி நகர்ந்து இடம் விட்டாள்.