பதினோரு பேர்

காலை பத்தரை மணிக்கு சூப்பர்வைசர் மரியாதையாகப் பேசினான். அதுதான் முதலில் உறுத்தியது.

“எல்லாரும் கொஞ்சம் எந்திரிங்கம்மா.”

அந்தத் தையல் கூடத்தில் அவள் சட்டைகளுக்குக் காஜா போடுகிறவள். அதனால் எல்லோருக்கும் காஜாக்கா. சூப்பர்வைசருக்கு மட்டும் இரண்டு வருடமாக அவள் ‘ஏய்’தான். மெயின் ஸ்விட்ச் அணைந்தது. மெஷின்கள் நின்ற பிறகும் அவற்றின் இரைச்சல் அவள் காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அது மெல்ல வடிந்தபோதுதான், ஜன்னலே இல்லாத அந்தக் கூடத்தில் இத்தனை பேர் மூச்சு விடுகிற சத்தம் அவளுக்கு முதல்முறையாகக் கேட்டது.

அடுக்கிக் கிடந்த துணிக் கட்டுகளை இரண்டு ஆட்கள் நகர்த்தினார்கள். பின்னால் ஓர் இரும்புக் கதவு.

“செக்கிங் வர்றாங்க. அரை மணி நேரம்தான். ஒருத்தி வாயத் தொறந்தீங்க, அப்புறம் வெளிச்சத்தையே பாக்க மாட்டீங்க.”

தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணி உள்ளே தள்ளினான். பதினொன்று. கதவைச் சாத்தினான். துணிக் கட்டுகள் திரும்ப வந்து அதன்மேல் முட்டும் சத்தம், ஒவ்வொன்றாக.

இருட்டு. ஈரச் சுவரின் வாடை, மெஷின் எண்ணெயின் வாடை, அதற்கும் அடியில் நெடுநாள் அலசாத தலைமுடியின் வாடை. உட்கார்ந்தால் அடுத்தவள் முழங்கால் இடித்தது. இடப்பக்கம் இருந்த நாத்தனார் அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். ஏஜென்ட் பேச்சை நம்பி இருவரும் ஒன்றாகத்தான் இங்கே வந்தார்கள். வந்த அன்றே அடையாள அட்டையும் போனும் பறிபோயின. வாசல் கேட்டைத் தாண்டியதில்லை.

“அண்ணி, நம்ம சீட்டு போய்ச் சேந்துடுச்சு,” நாத்தனார் காதோடு சொன்னாள். “அதான் வந்திருக்காங்க.”

மூன்று வாரம் முன்பு ஒரு சட்டைப் பைக்குள் இருவரும் வைத்து அனுப்பிய சீட்டு. ‘எங்களை வெளியே விடுவதில்லை. பதினோரு பேர் இருக்கிறோம்.’ அட்டைப்பெட்டியில் இருந்த விலாசத்தையும் அதில் எழுதியிருந்தார்கள்.

காஜாக்கா வலப்பக்கம் இருந்தவளின் கையையும் பற்றிக்கொண்டாள். அந்தக் கை சில்லிட்டிருந்தது.

“நூலக்கா, ஏன் உங்க கை இப்படி ஜில்லுனு இருக்கு?”

“நான் கதவுகிட்ட இருக்கேன்டி,” எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் வந்தது. நூல் வெட்டும் அந்த அக்காதான் அங்கே எல்லோருக்கும் மூத்தவள்.

“அப்ப இது யாரு?”

கதவருகிலிருந்து வரிசையாக எண்ணச் சொன்னாள் காஜாக்கா. ஒண்ணு, ரெண்டு என்று கிசுகிசுப்பாகச் சுற்றி வந்தது. நாத்தனார் பத்து. அவள் பதினொன்று.

வலப்பக்கம், மிக அருகில், வறண்ட குரல்.

“பன்னெண்டு.”

“காஜா,” என்றாள் நூலக்கா. “அந்தக் கையில நகம் இருக்கா, பாரு.”

தடவிப் பார்த்தாள். விரல் நுனிகள் மழுங்கிக் கிடந்தன. நகமே இல்லை.

“நீங்க ரெண்டு பேரும் வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை செக்கிங் வந்தப்பவும் இங்கதான் அடைச்சாங்க. ரெண்டு நாள் தொறக்கல. அப்புறம் எங்களை வெளிய எடுத்தப்ப ஒருத்தி வரல. பட்டன்காரி. கதவைப் பிராண்டிப் பிராண்டி நகமெல்லாம் பேந்து போச்சு அவளுக்கு. ஊருக்குப் போயிட்டான்னாங்க.” நூலக்கா அவசரமாகச் சொன்னாள். “கையை விட்டுடுடி.”

விட முடியவில்லை. இழுத்தாள். விடவில்லை. குளிர் மணிக்கட்டைத் தாண்டியது. முழங்கையைத் தாண்டியது.

வெளியே பூட்ஸ் சத்தம். கட்டுகள் நகர்ந்தன. ஒரு பெண் குரல்.

“நாங்க அரசாங்கத்துல இருந்து வர்றோம். ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவு. உள்ள யாராவது இருந்தா குரல் குடுங்க. பயப்படாதீங்க.”

எல்லோரும் ஒரேயடியாகக் கத்தினார்கள். காஜாக்காவும் கத்தினாள். அவள் குரல் மட்டும் அவளுக்கே கேட்கவில்லை.

பூட்டு உடைந்தது. வெளிச்சம். முண்டியடித்து எழுந்தார்கள். நாத்தனார் அழுதுகொண்டே கையை நீட்டினாள்.

“வாங்கண்ணி! வாங்க!”

நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி எழுந்தாள்.

காஜாக்கா எழவில்லை. கால் இல்லை. இருந்தது, அசையவில்லை.

“பதினொண்ணு,” வெளியே எண்ணி முடித்தாள் அதிகாரி. “சீட்டுல எழுதினபடியே இருக்கு.”

டார்ச் வெளிச்சம் உள்ளே வந்தது. சுவர். மூலை. காஜாக்காவின் முகம். முகத்தைக் கடந்து, மறுபடி சுவர்.

“உள்ள யாருமில்ல. சீல் வெச்சுடுங்க.”

மூடும் கதவின் இடுக்கில் நாத்தனார் தெரிந்தாள். அருகில் நின்றவள் அவள் தோளில் சாய்ந்திருந்தாள். சாய்ந்திருந்தவள் திரும்பினாள். காஜாக்காவின் சேலை. காஜாக்காவின் முகம். கைகளை மட்டும் முந்தானைக்குள் சுருட்டி மறைத்திருந்தாள்.

கதவு மூடிக்கொண்டது.

இரும்பில் பசை தடவும் சத்தம். தாளை அழுத்தி ஒட்டும் சத்தம். அதற்கும் அப்பால், விலகிப் போகும் நாத்தனாரின் குரல்.

“வீட்டுக்குப் போலாம் அண்ணி. புள்ளைங்க ரெண்டும் உங்களைப் பாத்தா விடவே மாட்டாங்க.”

“நானும் விடமாட்டேன்,” என்றது காஜாக்காவின் குரல்.