ஊரி மண்டபத்துக் குழப்பம்

மேசன் கந்தப்போடி வாவிக்கரையில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பாட்டு மண்டபம் கட்டினார். சும்மா மண்டபமா? ஊரிச் சங்கு மாதிரி வளைந்த சுவர்! துடுப்பை வாவியில் விட்டு, மறு நுனியில் காதை வைத்தால் அடியில் ஊரி பாடுவது கேட்கும் என்பார்கள் மட்டக்களப்பில். பாடும் ஊரிக்குள்ளே இருந்து பாடினால் எப்படி இருக்கும் என்று ஆசைப்பட்டுவிட்டார் மனிதர்.

எப்படி இருந்தது? ஐயோ, கேட்காதீர்கள்!

ஒத்திகையில் அவர் மகள் கண்ணகை "ஆ" என்றாள். சுவர் ஏழு தடவை "ஆ" என்றது. அவள் பாடிய இரண்டாம் அடி, இன்னும் அடங்காத முதல் அடியோடு போய் முட்டியது. எது தன் குரல் என்றே அவளுக்கு விளங்கவில்லை.

"வெள்ளிக்கிழமை விழா. அண்டைக்கும் இப்படித்தான் எண்டா, சனிக்கிழமை சுவரை இடிக்கவேண்டியதுதான்," என்றார் தலைமை வாத்தியார்.

கந்தப்போடி கதவைத் திறந்தார், மூடினார். ஜன்னலைத் திறந்தார், மூடினார். ஒன்றும் சரிவரவில்லை. அப்பா சோற்றைத் தொடாமல் எழும்பியதைப் பார்த்துக் கண்ணகைக்கு அழுகையே வந்துவிட்டது.

வியாழன் பின்னேரம் மழை கொட்டியது. காத்தான்குடியிலிருந்து வண்டிலில் பன்புல்லில் இழைத்த பாய் விற்க வந்த ஸைனம்பு, மண்டப வாசலில் தெப்பமாக நனைந்து நின்றார்.

"ராத்தா, உள்ள வாங்க!" என்று கூப்பிட்டாள் கண்ணகை.

"நான் வாறன் மகள், பாய்க்கு என்ன செய்யிற? ஈரத்தோட சுருட்டி வெச்சாப் பூஞ்சணம் புடிச்சிரும்."

"தோரணம் கட்ட அடிச்ச ஆணி சுவரெல்லாம் கிடக்கு. தொங்கவிடுவம்."

இருவரும் நாற்பது பாயையும் தொங்கவிட்டார்கள்.

"முடிஞ்சுது ராத்தா!" என்ற கண்ணகை திகைத்து நின்றாள். சுவர் வாயே திறக்கவில்லை. "ஆ" என்றாள். ஒரே ஒரு "ஆ".

"ராத்தா, மத்தக் குரலெல்லாம் எங்க?"

"எனக்கென்ன தெரியும்? நான் எடுக்கல்ல!"

கண்ணகை பாய்களைக் கழற்றிக் கைதட்டினாள், ஏழு தட்டு. மாட்டித் தட்டினாள், ஒரு தட்டு. அட, பாய்தான் விழுங்குகிறது!

காலையில் ஸைனம்பு காய்ந்த பாய்களோடு சந்தைக்குப் போனார். கண்ணகை கலங்கவில்லை. மண்டபத்தில் இன்னும் மண் தரைதான்; விழா பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு பாயோடுதானே வருவார்கள்! வாசலில் நின்று ஒவ்வொன்றாக வாங்கிச் சுவரில் மாட்டினாள்.

"அப்ப நாங்க எதில இருக்கிற?" என்று சத்தம் போட்டார்கள்.

"மண்ணிலதான்!"

தலைமை வாத்தியாரின் வெள்ளை வேட்டியும் மண்ணில்தான் இருந்தது. கண்ணகை பாடினாள். கந்தப்போடி மூச்சுவிடாமல் கேட்டார். ஒரு சொல்கூடக் குழம்பவில்லை.

பாட்டு முடிந்தது. தலைமை வாத்தியார் மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பினார்.

"மேசன், இடிக்கிற கதையை விடுங்க. பிள்ளையை இன்னொரு பாட்டுப் பாடச் சொல்லுங்க," என்று சொல்லி, மறுபடி மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.