சிலையின் வலது கை

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சிலை என் வாசலை விட்டுப் போக வேண்டும். போகாவிட்டால் அது காலத்துக்கும் அங்கேயே நிற்கும், நான் வாயைத் திறக்கக் கூடாது. நீதிமன்றத்தில் நானும் கட்சிக் கிளையும் கையெழுத்துப் போட்ட சமரசம் இது. அந்தத் தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, தையல் மிஷினை வேனில் ஏற்றிக்கொண்டு, புதன்கிழமை காலை அப்பாவின் வீட்டு வாசலில் வந்து இறங்கினேன். முப்பத்தெட்டு வருடத்துக்குப் பிறகு.

இரும்புக் கேட்டுக்கும் வாசல் கதவுக்கும் நடுவே, பீடத்தோடு சேர்த்துப் பத்தடி உயரத்தில் தலைவர் நின்றார். முகம் தெருவுக்கு, முதுகு எங்களுக்கு. வலது கையைக் கூட்டத்தைப் பார்த்து உயர்த்தியிருந்தார். வீட்டுக்குள் போகிற எவரும் அவரைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். நானும் சுற்றிக்கொண்டு போனேன், நிமிர்ந்து பார்க்காமல்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் நூல் மில்லில் வேலை பார்த்தவன். வேலைநிறுத்தம் நடந்த வருடம் கட்சி ஆட்கள் பதினொரு பேரை வீடு வீடாய்க் கதவைத் தட்டி ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். ஒருவரும் திரும்பவில்லை. "யாரும் காணாமல் போகவில்லை, ஓடிப்போயிருக்கிறார்கள்" என்று தலைவர் மேடையில் சொன்னார். கூட்டம் கைதட்டியது. கிளைச் செயலாளராக இருந்த என் அப்பாவும் தட்டினார். அடுத்த மூன்றாம் மாதம், அப்பா ஏற்கெனவே செய்யச் சொல்லிவைத்திருந்த சிலை எங்கள் வாசலில் எழுந்தது. அன்றைக்கே நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அப்பா செத்து நான்கு மாதமாகிறது. வீடு இப்போது என் பெயரில். என் வாசலில் யார் நிற்க வேண்டும் என்று இனி நான்தான் சொல்வேன்.

எதிர்ப்பக்கம் நாற்காலி போட்டுக் கிளை ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். இப்போதைய செயலாளருக்குத் தெருவில் 'மைக்' என்று பெயர். அவர் மெதுவாய்ப் பேசி எவரும் கேட்டதில்லை.

"உங்க அப்பா ஆத்மா என்ன பாடு படும்னு யோசிச்சீங்களாம்மா?"

"எங்க அம்மா உயிரோட பட்ட பாட்டை விடவா? வெயில் ஏறுது, நாற்காலியை நிழல்ல போட்டுக்குங்க."

"பாத்துக்கிட்டே இருங்க. தலைவர் நகர மாட்டாரு!"

கட்டிங் மிஷின்காரர் வேலையை ஆரம்பித்தார். சிமெண்ட் சிலையைக் கணுக்காலில் அறுத்து, இடுப்பில் பெல்ட் போட்டு, கிரேனில் தூக்கி லாரியில் படுக்க வைப்பதுதான் அவர்கள் வழக்கம். பிளேடு காலில் பட்டதும் உடைந்து தெறித்தது. உள்ளே கம்பி இருக்கும், சகஜம்தான் என்றார். இரண்டாவது பிளேடும் தெறித்து அவர் கன்னத்தைக் கீறியது. மூன்றாவதில் மோட்டாரே நின்றுபோனது.

அவர் குனிந்து சிலையின் காலைத் தொட்டார். விரலை எடுத்துப் பார்த்தார்.

"அக்கா," என்று கிசுகிசுத்தார். "ஈரமா இருக்கு."

அப்போதுதான் எனக்கும் அந்த வாசம் வந்தது. இப்போதுதான் குழைத்துவைத்த சிமெண்ட்டின் வாசம்.

நாளைக்கு வேறு பிளேடோடு வருவதாகச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். மைக்கின் ஆட்கள் சிரித்துக்கொண்டே சாப்பிடப் போனார்கள். நான் முன்னறையில் மிஷினைப் போட்டு, பாதியில் நின்ற ஒரு சட்டைக்குக் காலர் தைக்க உட்கார்ந்தேன். வெயில் பட்டப்பகலாய் ஜன்னலில் கிடந்தது. தெருவில் ஆளில்லை.

டொக். டொக்.

கொஞ்சம் இடைவெளி.

டொக்.

என் கால் மிதியிலிருந்து வழுக்கியது.

அண்ணன் அப்படித்தான் தட்டுவான். மில்லில் நூல் சுற்றும் மிஷின் அவன் வலது சுண்டுவிரலை நசுக்கியதிலிருந்து அது மடங்காது, வெளிப்பக்கமாக நீட்டிக்கொண்டு நிற்கும். அதனால் புறங்கையால்தான் தட்டுவான். இரண்டு தட்டு, நான் எழுந்து வருகிற நேரம், பிறகு ஒன்று.

கதவைத் திறந்தேன். யாருமில்லை. கேட் பூட்டியபடி இருந்தது. கதவுப் பலகையில், என் தலை உயரத்துக்கு, சாம்பல் நிறத்தில் மூன்று ஈரத் தடங்கள்.

பயந்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் பயத்துக்குப் பின்னாலேயே ஆத்திரமும் வந்தது. வாசலில் இறங்கி அந்த முதுகைப் பார்த்துக் கத்தினேன்.

"அவனைக் கொன்னுட்டு, அவன் மாதிரியே தட்டி என்கிட்ட விளையாட்டுக் காட்டுறியா? நான் எங்கேயும் போக மாட்டேன். நீதான் போகப் போற."

வியாழக்கிழமை வைரப் பிளேடும் கணுக்காலில் சிக்கி முறிந்தது. "எனக்குச் சின்னப் பிள்ளைங்க இருக்குக்கா," என்று சொல்லிவிட்டு மிஷின்காரர் சாமான்களை வாரிக்கொண்டு போனார். எதிர்ப்பக்கம் கைதட்டினார்கள். அந்த ஓசையை நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

மதியம் மறுபடியும் தட்டியது.

இந்த முறை நான் திறக்கவில்லை. கதவின் உட்பக்கம் உள்ளங்கையை வைத்தேன். ஒவ்வொரு தட்டும் பலகை வழியாக என் கையில் வந்து இறங்கியது. அப்படியே கழுத்தை மட்டும் நீட்டி, பக்கத்து ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்தேன்.

சிலை அதன் இடத்தில்தான் நின்றது.

முதுகு இருந்தது. தோள் இருந்தது. உயர்த்திய முழங்கை இருந்தது.

மணிக்கட்டுக்கு மேலே வானம்தான் இருந்தது.

டொக்.

எவ்வளவு நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றேனோ தெரியாது. திறந்தபோது கை அதன் இடத்தில் இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக நான் அதை நிமிர்ந்து பார்த்தேன். விரித்த கை. நான்கு விரல்கள் சேர்ந்திருந்தன. சுண்டுவிரல் மட்டும் வெளிப்பக்கமாக நீட்டிக்கொண்டு நின்றது.

பீடத்தின் பின்பக்கம் சிலை செய்தவரின் பெயர் பொறித்திருந்தது. அண்ணனோடு படித்தவர். விசாரித்து எண் வாங்கி ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "அது யார் கை?"

"காலைல வர்றேன், தங்கச்சி," என்றார்.

வெள்ளிக்கிழமை காலை, நரைத்த தலையும் கைமிஷினும் ஏணியுமாக வந்தார். சிலையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார்.

"முகத்துக்கு போட்டோ குடுத்தாங்க. கைக்கு ஒண்ணும் கிடைக்கல. அப்போ நான் கையை உயிருள்ள ஆள்கிட்டதான் அச்சு எடுப்பேன். உங்கண்ணன் பட்டறைக்கு வந்தான், 'என் கையை எடுத்துக்கடா, அவரு கோணல் தெரியட்டும்'னு சிரிச்சான். விரலை அப்புறமா சரி பண்ணிக்கலாம்னு இருந்தேன். அடுத்த வாரமே அவனைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் அந்த விரல்ல உளி வைக்க எனக்குக் கை வரல. அப்படியே மாட்டிட்டேன். வெளியே சொல்லியிருந்தா நான் பன்னிரண்டாவது ஆள்."

எனக்கு அழுகை வந்தது. இரண்டு நாளாகத் தலைவர்தான் போக மறுக்கிறார் என்று நினைத்திருந்தேன். உள்ளே வர முடியாமல் தட்டியது என் அண்ணன். அவனை மேலே விட்டுவிட்டு நாங்கள் சிலையின் காலை அறுத்துக்கொண்டிருந்தோம். கால் விழுந்தால் அவனையும் அந்த உடம்போடு சேர்த்தே லாரியில் ஏற்றிவிடுவார்கள்.

"முதல்ல மணிக்கட்டுண்ணே," என்றேன். "அவனை இறக்குங்க. அப்புறம் அவர் தன்னால போவாரு."

ஏணி சாய்ந்ததும் மைக் ஓடி வந்தார். "கையை வெட்ட எங்கம்மா எழுதியிருக்கு? சிலையை முழுசா ஒப்படைக்கணும்! தலைவர் கையில கை வைப்பீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள், முப்பத்தெட்டு வருடம் வாயை மூடியிருந்த மனிதர் ஏணி உச்சியிலிருந்து கத்தினார். "இது உங்க தலைவர் கை இல்லய்யா! நீங்க ஓடிப்போனதா சொன்னீங்களே, அந்தப் பதினொரு பேர்ல ஒருத்தன் கை! இத்தனை வருஷமா அவன் கைக்குத்தான் கும்பிடு போட்டுட்டு இருந்தீங்க!"

தெருவே வெளியே வந்து நின்றது. எதிர் நாற்காலிகளில் ஒருவரும் கைதட்டவில்லை. மைக் ஏணியை விட்டு இரண்டடி பின்னால் போனார்.

பிளேடு மணிக்கட்டில் இறங்கியது. உடையவில்லை, திணறவில்லை. காய்ந்த தூள்தான் பறந்தது. நான் முந்தானையை விரித்து அந்தக் கையை வாங்கினேன். கனமாக இருந்தது. வெயில் சூடு என்று நினைத்தேன், ஆனால் நிழலுக்குள் கொண்டுவந்த பிறகும் அது ஆறவில்லை.

கிரேனும் லாரியும் வந்துசேர நாலு மணியாகிவிட்டது. பெல்ட் போட்ட பிறகு கணுக்கால்கள் பத்து நிமிடத்தில் அறுந்தன. நாலே முக்காலுக்குத் தலைவர் லாரியில் மல்லாந்து படுத்துக்கொண்டு தெருவைத் தாண்டிப் போனார்.

சிலைக்குப் புதுக் கை ஒட்டிக் கட்சி அலுவலகத்தின் முன்னறையில் நிறுத்தியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். நிறுத்திக்கொள்ளட்டும், அது அவர்கள் இடம். அண்ணன் கையை என் தையல் மேஜையில், துணி பறக்காமல் இருக்க வைத்துக்கொண்டேன். என் வாசலில் வெயில் நேராக விழுந்தது. மதியத்தில் யாரும் தட்டவில்லை.

மூன்று வாரம் கழித்து, இன்று பிற்பகல், மைக் வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். அவர் குரல் தாழ்ந்திருந்ததில் எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை, கிட்டே போனேன்.

"அலுவலகக் கதவைத் தட்டுதும்மா. தினம் மதியம். திறந்தா யாருமில்ல. புதுக் கையை மூணு தடவை ஒட்டிட்டோம், மூணு தடவையும் விழுந்துடுச்சு. இன்னைக்குக் காலைல கதவுக்கு நீல பெயிண்ட் அடிச்சோம். காயறதுக்குள்ள அதுலயும் தடம்." அவர் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அந்தக் கையைக் குடுத்துடுங்க. அதை ஒட்டிடறோம். அப்பவாவது தட்டறது நிக்கும்."

"அது வீட்டுக்கு வந்தாச்சு. இனி யார் உடம்புலயும் ஒட்டாது."

"நாங்க என்னதான்மா பண்றது?"

"பதினொரு பேரையும் எங்க கொண்டுபோனீங்கன்னு கேக்கறான். உங்க அலுவலகத்துல பழைய ஆளுங்க இன்னும் ரெண்டு பேர் உயிரோட இருக்காங்க. கதவைத் திறந்து வச்சுக்கிட்டு, சத்தமா பதில் சொல்லச் சொல்லுங்க."

அவர் போன பிறகு உள்ளே வந்தேன். தைத்துக்கொண்டிருந்த வெள்ளைத் துணியின் மேல் கை குப்புறக் கிடந்தது. நான் அதை மல்லாத்தி வைத்துவிட்டுத்தான் கேட்டுக்குப் போயிருந்தேன்.

புறங்கை முட்டிகளில் நீல பெயிண்ட். தொட்டேன். இன்னும் காயவில்லை.

நான் துடைக்கவில்லை. வாசல் கதவின் தாழ்ப்பாளை மட்டும் நீக்கிவைத்தேன். இனி வேலை முடிந்து வருபவன் தட்டிக்கொண்டு நிற்க வேண்டாம்.